முதல் மேடையும் தண்ணுமையோன் கடனும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அரங்கேற்றம்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் அச்சொல்லைக் கேட்டவுடன் நூல் அரங்கேற்றமே நினைவுக்கு வரும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கின்றது. கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் தத்தம் காப்பியங்களை அரங்கேற்றியதாக மரபு வழங்குகின்றது. இவை குறித்துப் பேசவும் எழுதவும் அறிஞர் பலர் உளர். எனவே அவர்களுக்கு அப்பணியை விட்டுவிட்டு, நான் சற்றே சிறிய அரங்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். சரளி வரிசையும் சண்டை வரிசையும் அலங்காரமும் முடித்து, மலகரியில் ஒரு கீதம் பாடத் தெரிந்து, வர்ணம் ஒன்றைத் தட்டுத் தடுமாறிக் கற்றிருக்கும் பத்து, பதினொரு வயதுக் குழந்தை முதன்முதலாக நாலு பேர் நடுவே அமர்ந்து பாடவோ வாசிக்கவோ முற்படும் அரங்கு அது. கோயில் மண்டபமாக இருக்கலாம். கொலு வைத்த வீட்டுக் கூடமாக இருக்கலாம். பள்ளி ஆண்டு விழா மேடையாகவும் இருக்கலாம். இன்று பெரும்பொருட் செலவில், அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் பிடித்து நிகழ்த்தப்பெறும் அரங்கேற்றங்களை நான் கருதவில்லை. அவை குழந்தையின் அரங்கேற்றமா, பெற்றோரின் அரங்கேற்றமா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அந்தக் குழந்தைக்குத் துணிவு எங்கிருந்து வருகிறது? நான் ஆராய விரும்பும் வினா இது ஒன்றே.

திருவள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். பகைவர் நடுவே அஞ்சாது சென்று மாய்வார் பலராயினும் அவை நடுவே அஞ்சாது நிற்பார் சிலரே என்னும் கருத்தை அங்கே காண்கிறோம். போர்க்களத்தினும் அவைக்களம் அச்சம் தருவது என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் அவ்வதிகாரங்கள் அமைச்சியலைச் சார்ந்தவை. அங்கே அவை புகுகின்றவர் முதிர்ந்தவர், நூல் பல கற்றவர். கற்றும் அஞ்சுவாராயின் அக்கல்வியால் பயனென்ன என்று அவரைக் கடிந்துரைக்க இடமுண்டு. கற்கத் தொடங்கியிருக்கும் குழந்தையை அவ்வாறு கடிந்துரைக்க இயலாது.

தொல்காப்பியர் இவ்விடத்தில் நமக்கு மிகுதியும் உதவுகிறார். மெய்ப்பாட்டியலில் அச்சம் நான்கு காரணங்களால் தோன்றும் என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அவையச்சம் இந்நான்கனுள் எங்கே அடங்கும் என்று என் மாணவியரை வகுப்பில் வினவுவதுண்டு. விலங்கு என்று ஒருத்தி சொன்னாள், வகுப்பே சிரித்தது. என் கருத்தில் அது ‘இறை’ என்பதன்பாற்படும். நம்மேல் அதிகாரம் உடையோர், நம்மைத் தண்டிக்கவோ தள்ளவோ வல்லவர் என்று நாம் கருதுவோர் முன்னிலையில் பிறக்கும் அச்சம் அது. மேடையில் அமரும் குழந்தைக்குக் கீழே உள்ள ஐம்பது பேரும் அந்நேரத்தில் ஐம்பது இறைவர் ஆகிவிடுகின்றனர். நேற்று மாலை தெருவில் தன்னோடு பேசிச் சிரித்த எதிர்வீட்டு மாமிகூட முன்வரிசையில் அமர்ந்ததும் வேறொருவர் ஆகிவிடுகிறார்.

அதே மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் வாயில்களும் நான்காகச் சொல்லப்பட்டுள்ளன. கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்பது அவற்றின் வரிசை. அஞ்சாமை எனப் பொருள்படும் தறுகண் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. கல்வியே முதலில் நிற்கிறது. இவ்வைப்பு முறையைப் பொருளற்றதென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ‘பயப்படாதே, பயப்படாதே’ என்று மேடையின் படிக்கட்டில் நின்று குழந்தையின் காதில் ஓதுகிறோமே, அதனால் விளையும் பயன் யாது? நூறுமுறை பாடிய வரியை நூற்றோராவது முறை பாடுகிறோம் என்னும் பழக்கம் தரும் உறுதியை அச்சொல் தராது. விரல் தானறிந்த இடத்திற்குத் தானே செல்லும் அளவுக்குக் கற்பித்துவிட்டு மேடைக்கு அனுப்புவதே ஆசிரியர் தரத்தக்க முதல் துணிவு.

ஆனால் கல்வி மட்டும் போதுமா? போதாது என்பதை எந்த இசையாசிரியரும் சொல்வார். வீட்டில் பிழையின்றி வாசித்த குழந்தை மேடையில் தடுமாறுவதை யாவரும் கண்டிருக்கிறோம். அச்சம் மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. நெஞ்சு விரைந்து அடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. நெஞ்சின் விரைவைத் தாளத்தின் விரைவென மயங்கிக் குழந்தை காலத்தைக் கூட்டிவிடுகிறது. ஒவ்வொரு கருவியும் அச்சத்தை ஒவ்வொரு வகையாகக் காட்டிக்கொடுக்கும். பாடும் குழந்தைக்கு மூச்சு வரியின் நடுவே முறிகிறது. வீணை வாசிக்கும் குழந்தைக்கு வியர்த்த விரல் மெட்டில் வழுக்குகிறது. எல்லாவற்றினும் இரக்கமற்றது வயலின் வில். வில்லைக் குறுகக் குறுக இழுத்தால் கை நடுக்கம் தெரியாது. நீண்ட கார்வை ஒன்றை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டுமெனில் கையின் சிறு நடுக்கமும் நாதத்தின் நடுக்கமாகி மண்டபத்தின் கடைசித் தூண் வரை கேட்கும். அதனைக் கேட்டுக் குழந்தை மேலும் நடுங்கும்.

இந்நிலையில் குழந்தைக்கு வேண்டுவது யாது என்பதைச் சிலப்பதிகாரம் போல விளங்கக் காட்டும் நூல் பிறிதொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அரங்கேற்று காதையை நாம் பாடமாக நடத்தும்போது அரங்கின் அளவுகளையே பெரிதும் சொல்லிச் செல்கிறோம். இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று தேர்வுக்கு மனனம் செய்விக்கிறோம். மாதவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு கற்றவள். அப்பன்னிரண்டு வயதுப் பெண்ணை நடுவில் வைத்து அக்காதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த அளவுகளுக்கே வேறு பொருள் தோன்றும்.

ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ் வல்ல புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அவளைச் சூழ நிற்பவர்களின் தகுதிகளை ஒவ்வொன்றாக இளங்கோவடிகள் உரைத்துச் செல்கிறார். மாதவியின் தகுதியைச் சொன்ன அடிகளினும் இவர்களின் தகுதியைச் சொன்ன அடிகளே மிகுதி. பின்னர் அரங்கம் அமைகிறது. தூண்களின் நிழல் ஆடிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்படுகின்றன. மூவகை எழினிகள் தொங்கவிடப்படுகின்றன. அரசன் முதலாயினோர் தத்தமக்குரிய இருக்கைகளில் அமர்கின்றனர். மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூணைச் சேர்கிறாள். அப்போது இடத்தூண் அருகே யார் நிற்கின்றனர்? தோரிய மகளிர். ஆடி முதிர்ந்து, ஆடலரங்கின் நெறியனைத்தும் அறிந்த மூத்த கூத்தியர். அவர்கள் நன்மை பெருகவும் தீமை நீங்கவும் வாரப்பாடல் இரண்டும் பாடுகின்றனர். அதன்பின் குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, தண்ணுமையைத் தொடர்ந்து முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை என ஒன்றன்பின் ஒன்றாய்க் கருவிகள் இயைகின்றன. இத்தனையும் நிகழ்ந்த பிறகே அச்சிறுமியின் ஆடல் தொடங்குகிறது.

முதன்முதல் ஒலி எழுப்பும் பொறுப்பு அவள்மேல் சுமத்தப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அவள் வருமுன்னரே அவ்வரங்கம் இசையால் நிரம்பியிருக்கிறது. ஒலியற்ற வெறுவெளியில் அவள் தன் முதலடியை வைக்கவில்லை. எதிரே அரசன் இருக்கிறான். தொல்காப்பியர் சொன்ன ‘இறை’ அச்சத்திற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால் பக்கத்தில் தோரிய மகளிர் நிற்கின்றனர். எதிரே இருப்போர் தரும் அச்சத்தைப் பக்கத்தில் இருப்போர் தரும் துணை ஈடு செய்கிறது.

அவ்வாசிரியர்களுள் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். ஏனைக் கருவிகளில் குறை நேருமிடத்து அதனை நிரப்புதல், மிகை நேருமிடத்து அதனை அடக்குதல், இவ்விரண்டையும் செய்யும்போது தன் கை மேலோங்கித் தோன்றாதவாறு செய்தல் என்று அவன் தொழிலுக்கு உரை வழியே பொருள் கொள்கிறோம். மூன்றாவதாகச் சொன்னதே அரிது. உதவுவது எளிது, உதவியது தெரியாமல் உதவுவது அருந்தொழில்.

இதனை நான் ஏட்டில் பலமுறை படித்திருந்தும், கண்ணாரக் கண்டது எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரி மாலை. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி வயலின் வாசிக்க அமர்ந்தாள். ஈராண்டுப் பயிற்சி. பக்கத்தில் மிருதங்கத்துடன் இருந்தவர் எழுபதைக் கடந்த முதியவர். பெரிய சபாக்களில் வாசித்தவர் அல்லர். சுற்றுவட்டாரக் கோயில்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மோகன ராக வர்ணம், ஆதி தாளம். பல்லவியும் அனுபல்லவியும் ஒருவாறு நிறைவேறின. அடுத்துச் சுர வரிசை தொடங்க வேண்டிய இடத்தில் வில் நடுங்கிற்று, நின்றுவிட்டது. அவள் முகம் வெளிறியதைப் பக்கவாட்டில் அமர்ந்திருந்த நான் கண்டேன். அவள் தாயார் எழுவதற்கே முற்பட்டார்.

முதியவர் நிறுத்தவில்லை. அவள் பக்கம் தலையை மட்டும் திருப்பிக்கொண்டு, வர்ணத்தின் அமைப்பே அவ்வாறுதான் என்பதுபோல, மெல்லிய சொற்களால் ஓர் ஆவர்த்தனம் வாசித்தார். எட்டு எண்ணிக்கை. இரண்டாம் ஆவர்த்தனத்தில் ஒலியைச் சற்றே கூட்டி, எளிய தீர்மானம் ஒன்றை வைத்து, அதன் முடிவைச் சமத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆற்றைக் கடக்கும் குழந்தைக்கு அக்கரையிலிருந்து கை நீட்டுவதுபோல இருந்தது அத்தீர்மானம். அச்சமத்தில் அவள் வில் விழுந்தது, வர்ணம் தொடர்ந்தது. கோயிலில் இருந்தோரில் பெரும்பாலோர் எதுவும் நிகழ்ந்ததாகவே உணரவில்லை. நான் இசை கற்றவள் அல்லள். தாளம் போடத் தெரியும், அவ்வளவே. சுண்டல் வாங்கும் வரிசையில் அப்பெரியவரிடம் அதுபற்றிக் கேட்டேன். ‘குழந்தை நின்னா என்னம்மா, தாளம் நின்னாத்தானே தப்பு’ என்றார். வேறெதுவும் சொல்லாமல் மிருதங்கத்துக்கு உறை போடப் போய்விட்டார்.

‘ஆக்கலும் அடக்கலும்’ பற்றிய என் வகுப்புக் குறிப்பேட்டில் அன்றிரவே அத்தொடரை எழுதி வைத்தேன். ஆண்டுதோறும் அப்பகுதியை நடத்தும்போது மாணவியர்க்கு அதனைப் படித்துக் காட்டுகிறேன்.

நம் நாகசுர மரபு இவ்வுண்மையை மிகத் தெளிவாக அறிந்திருந்தது. அம்மரபில் வந்த குடும்பங்களில் சிறுவன் முதல்நாளே நாகசுரம் ஊதி ஊரார்முன் நிற்பதில்லை. கையில் தாளத்தை எடுத்துக்கொண்டோ, ஒத்து ஊதிக்கொண்டோ பெரியவர்களுக்குப் பின்னால் நிற்பான். சுவாமி புறப்பாட்டில் நான்கு வீதியும் நடப்பான். ஒத்துக்கு ஒரே சுரம்தான். அது பிசகாமல் நிற்க வேண்டும். பார்ப்பவர்க்கு அது கலையாகவே தோன்றாது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறு நிற்கும் சிறுவனுக்குக் கூட்டத்தின் முகம் பழகிவிடுகிறது. தீவட்டி வெளிச்சமும் வெடியோசையும் குறுக்கே ஓடும் பிள்ளைகளும் பழகிவிடுகின்றன. ராக ஆலாபனை காதில் ஊறுகிறது. பிறகொரு நாள் தந்தையோ மாமனோ ஓரிடத்தில் நிறுத்தி, ‘நீ எடு’ என்று கண்காட்டும்போது அவனுக்கு அது புதிய மேடையன்று. அவன் நெடுநாளாக நின்ற இடம். ஓர் அடி முன்னே வருகிறான், அவ்வளவே.

இன்று ஒத்தின் இடத்தைப் பெரும்பாலும் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. நான் அதனைக் குறைகூறவில்லை. அன்றாடம் உழைத்து உண்பவர்க்கு அதில் வசதி உண்டு. ஆனால் ஒத்து ஊதிய சிறுவனின் இடம் போய்விட்டது. வாரம் இருமுறை, வேளைக்கு முக்கால் மணி நேரம் என்று நான்கு சுவர்களுக்குள் தனியே கற்கும் நகரத்துக் குழந்தைக்கு அவ்விடம் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. வகுப்பறையிலிருந்து மேடைக்கு ஒரே தாவலில் அது தாவ வேண்டியிருக்கிறது. தாவ அஞ்சினால் ‘கூச்ச சுபாவம்’ என்று பெயர் சூட்டுகிறோம்.

இளம் வயதிலேயே மேடையேறிப் புகழ் பெற்றோர் பலர் உளரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். புல்லாங்குழல் மாலி 1933இல் தம் ஏழாம் வயதில் மயிலாப்பூர் தியாகராசர் விழாவில் வாசித்தார். மாண்டலின் சீனிவாசு 1978இல் ஆந்திரத்துக் குடிவாடாவில் ஒன்பது வயதில் வாசித்தார். இவர்களை எண்ணி வியக்கிறோம். வியப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அரிதிற் பிறக்கும் மேதையை அளவுகோலாக வைத்து எல்லாக் குழந்தைகளையும் அளப்பது அக்குழந்தைகளுக்கும் தீங்கு, இசைக்கும் தீங்கு. மாலியின் பிற்கால வாழ்வில் அவர் கச்சேரியின் நடுவே எழுந்து சென்ற நிகழ்ச்சிகளையும் நெடுங்காலம் மேடையை விட்டு விலகி நின்றதையும் அறிந்தோர், குழந்தை மேதை என்னும் பட்டத்தின் சுமை பற்றியும் சற்று எண்ணிப் பார்ப்பர்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முதல் மேடை வேறு வகையினது. அவரே நினைவுகூர்ந்து சொன்னது. மதுரையில் வீட்டருகே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியைத் தூக்கி, கையிலும் பாவாடையிலும் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சேதுபதி பள்ளிக்குக் கொண்டுசென்றனர். அங்கே அவர் தாயார் சண்முகவடிவு வீணைக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். பாடு என்றனர்; பாடினார். திரும்பும்போது அவர் மனம் விட்டுவந்த மண் விளையாட்டில்தான் இருந்தது. (1904இல் சில திங்கள் பாரதியார் தமிழாசிரியராகப் பணியாற்றியதும் அதே சேதுபதி பள்ளியே என்பதைக் கவிஞர்களுக்காக இடையில் சொல்லிவைக்கிறேன்.) அச்சிறுமிக்கு அச்சம் தோன்ற நேரமே கொடுக்கப்படவில்லை என்று இதற்குப் பொருள் கூறலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவள் அமர்ந்தது தாயின் வீணைக்கு அருகில். மாதவிக்கு இடத்தூண் அருகே தோரிய மகளிர். குஞ்சம்மாளுக்கு மடியில் வீணையுடன் அம்மா.

பெண் குழந்தைகளைப் பொறுத்தவரை இப்பேச்சுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனை விட்டுச் செல்வது முறையாகாது. அச்சமும் நாணமும் மடனும் பெண்பாலுக்கு என்றும் உரியன என்று களவியலில் இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. பத்து வயது வரை ‘உரக்கப் பேசாதே, நாலு பேர் எதிரே வராதே’ என்று சொல்லி வளர்த்த பெண்ணை, பதினோராம் வயதில் மேடையில் அமர்த்தி ‘ஏன் குரலே எழவில்லை’ என்று வினவுகிறோம். குரலை அடக்கி வைத்தோர் நாமே. டி.கே. பட்டம்மாள் அம்மையாரின் தாயார் நன்றாகப் பாடத் தெரிந்தவர். ஆயினும் குடும்ப ஆசாரம் கருதி உற்றார் உறவினர் முன்னிலையில்கூடப் பாடியதில்லை. அத்தாயின் மகள் 1932இல் தம் பதின்மூன்றாம் வயதில் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பாடினார். அந்தணர் குலத்துப் பெண்கள் பொதுமேடையில் பாடாத காலம் அது. அச்சிறுமியின் துணிவைப் புகழும்போது, பாடாமலே இருந்த அத்தாயின் குரலையும் நான் எண்ணிக்கொள்வது வழக்கம். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அச்சத்தை விலக்குமாறு சொல்வதையே முதற் கட்டளையாக வைத்ததன் அருமை இத்தகைய வீடுகளை அறிந்தோர்க்கு விளங்கும்.

மாதவி வரலாற்றிலும் கசப்பு இல்லாமல் இல்லை. அரசன் தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் அளித்தான். அதே மாலையைக் கூனி நகர நம்பியர் திரியும் மறுகில் விலைகூறி நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அரங்கமும் அங்காடியும் அடுத்தடுத்து வந்தன. கலையரங்கில் துணைநின்ற அத்தனை பேரில் ஒருவரும் அம்மறுகில் அவளுக்குத் துணை நிற்கவில்லை. இதனை விரித்தால் உரை வேறு திசையில் சென்றுவிடும், இவ்வளவில் நிறுத்துகிறேன்.

அச்சத்தைப் போக்கும் கடன் யாருடையது என்பதற்கு வருகிறேன். பள்ளிகளுக்கிடையே நடந்த இசைப் போட்டி ஒன்றுக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தேன். எந்த ஊர், எந்த அமைப்பு என்பது இங்கு வேண்டா. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பாட எழுந்தான். சுருதி சேரவில்லை. அவன் குரலுக்குப் பொருந்தாத கட்டையில், முன்னர்ப் பாடிய பெரிய பெண்ணுக்கு வைத்த சுருதியையே அவனுக்கும் வைத்துவிட்டனர். அவன் மேலே எட்டித் தவிப்பதைக் கண்ட நடுவர் மணியை அடித்தார். அரை நிமிடம்கூட ஆகியிராது. ‘அடுத்து’ என்றார். அவன் இறங்கி வந்தான். யாரும் அவனை ஏசவில்லை, நகைக்கவும் இல்லை. ஆயினும் இருக்கையில் அமர்ந்தபின் அவன் தலை நிமிரவே இல்லை. பெட்டியின் குமிழை ஒரு திருகு திருகிச் சுருதியை இறக்கியிருந்தால் போதும். அவனுக்குத் துணிவு இருந்தது. தனியே எழுந்து நடந்து வந்து ஒலிபெருக்கிமுன் நின்றான் அல்லவா? அவையிடத்தில்தான் ஏதோ இல்லாதிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் குழந்தை மேடையில் அமர்ந்ததும் முன்வரிசை முழுதும் கைப்பேசிகள் உயர்கின்றன. அன்பினால்தான் உயர்த்துகின்றனர். ஆனால் மேடையிலிருந்து நோக்கும் குழந்தைக்குத் தாயின் முகம் தெரிவதில்லை, தந்தையின் முகம் தெரிவதில்லை. அவ்விடங்களில் கறுத்த சதுரங்களே தெரிகின்றன. அணங்கு என்றாரே தொல்காப்பியர், அதற்கும் இடம் வைத்துவிட்டோம் போலும்! கைத்தாளம் போடும் ஒரு முகம் தெரிந்தால் குழந்தைக்குக் காலப்பிரமாணம் ஓடாது. இதனை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. இசையாசிரியர் ஒருவர், மாணவர்கள் பாடும்போது தாம் எப்போதும் மூன்றாம் வரிசை நடுவில் அமர்ந்து தொடையில் தாளம் போடுவதன் காரணத்தை அவ்வாறே எனக்கு விளக்கினார். முதல் வரிசையில் அமர்ந்தால் குழந்தை தம்மையே பார்த்துப் பாடும், கடைசி வரிசையில் அமர்ந்தால் தேடும் என்றார்.

பெரிய வித்துவான்கள் இக்கடனை அறிந்தே செயற்பட்டனர். செம்பை வைத்தியநாத பாகவதர் இளையோரை மேடைக்குக் கொண்டுவந்து ஊக்குவதில் பேர் பெற்றவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவனாக இருந்த காலத்திலேயே அவர் கையின் பெருமையை உணர்ந்து தம் கச்சேரிகளில் அமர்த்திக்கொண்டார். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகைக்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனிடம் வழி சொல்கிறான். அங்கே இன்னார் இருக்கிறார், அஞ்சாது போ, இவ்வாறு வரவேற்பார் என்கிறான். தான் நடந்து கடந்த வழியாதலால் அவன் சொல்லுக்கு வலிமை உண்டு. உளநலத் துறையினர் தம் பணிக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று இன்று பெயர் வழங்குவது மிகப் பொருத்தமே.

கவிஞர் பெருமக்களே, இத்தனை நேரம் இசைக் குழந்தைகளைப் பற்றியே பேசினேன். ஆனால் இவ்வட்டத்தின் பத்தாண்டுப் பதிவேட்டைச் செயலாளர் எனக்குப் படிக்கத் தந்திருந்தார். திங்கள்தோறும் கவியரங்கு நிகழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் கவிதை படித்தோர் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. ஒரே ஒருமுறை மட்டும் இடம்பெற்று மீண்டும் வாராத பெயர்கள் அதில் உள்ளன. எண்ணினேன், எண்ணிக்கையை இங்குச் சொல்லப்போவதில்லை. அவருள் பெரும்பாலோர் மாணவர். பெண்கள் பாதிக்கு மேல். அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு ஊர் மாற்றம், படிப்பு, திருமணம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். எல்லாம் அவ்வாறே இருக்கலாம். ஆயினும் அவர்களின் முதற் கவிதை முடிந்தவுடன் தளை தட்டியதை எடுத்துரைத்த குரல் எத்தனை, ‘அந்த மூன்றாம் வரியை மறுபடி படியம்மா’ என்று கேட்ட குரல் எத்தனை என்பது இங்குள்ள மூத்தோர்க்குத் தெரியும். தளை தட்டுவதைச் சொல்லத்தான் வேண்டும். யாப்பைக் கற்பிக்கும் எனக்கு அதில் ஐயமில்லை. எப்போது சொல்வது, எத்தனையாவது கவிதையில் சொல்வது என்பதே வினா. அடக்குவதற்குமுன் நிரப்ப வேண்டும். இளங்கோவடிகள் கையாண்ட சொல்வரிசையும் அதுவே.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். புதியவர் முதலில் படிப்பது நம் வழக்கம். ‘முதலில் சிறியவர்கள், பிறகு பெரியவர்கள்’ என்பது மரியாதை கருதி ஏற்பட்டது. அதனை மாற்றுங்கள். மூத்த கவிஞர் இருவர் முதலில் படிக்கட்டும், அவை இசையட்டும், பின்னர்ப் புதியவர் எழட்டும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மூத்தவர் ஒருவர் அமரட்டும். ஒருவர் முதன்முறை படிக்கும் நாளில் அக்கவிதையின் குறை பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்படட்டும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதற்கு அதுவே ஒரு காரணமும் ஆகலாம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் இவ்வுரைக்குப் பின் கவியரங்கு உள்ளது. பள்ளி மாணவர் இருவர் முதன்முறையாகக் கவிதை படிக்க இருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி படிக்குமுன் தானே பண்ணமைத்துப் பாடவும் போகிறாள் என்று அறிகிறேன். பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் இருக்கிறது. தலைவர் இசைந்தால் மூன்றாவதாக மாற்றிவிடலாம். ஒலிபெருக்கி அவர்கள் உயரத்திற்கு மேலே இருக்கிறது. அதனையும் சற்றுத் தாழ்த்தித் தருமாறு அன்பர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.